கன்னிக்காலுக்கு இரண்டு கொப்புகள்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்கு முதல் காரணம், உன் மாமனார் ரெஜானால் இதை வாசிக்க முடியாது என்பதுதான். இரண்டாவது காரணம், எனக்கு வேறு எந்த மொழியிலும் ஒழுங்காகக் கோபப்படத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில், பஸ்ஸில் முகத்தைத் தொங்கப்போட்டபடி, "இதை ஆர் அப்பா வாசிக்கப் போகினம்?" என்று கேட்பாய். நீதான் வாசிக்கப் போகிறாய். மருமகள் எலோடிக்கு மொழிபெயர்க்காமல், அவளுடைய தகப்பனுக்கு மூச்சுவிடாமல் வாசிக்கப் போகிறாய். அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால், வானிலைக்காரர் சொல்வதற்கு முன்பே பனி வரப்போகிறது என்று சொல்லிவிட்டது. நீ சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குக் கேட்காமலே தெரியும். ரெஜான்தான் ஒவ்வொரு நாளும் அம்மாவின் தொலைபேசிக்குப் படம் அனுப்புகிறாரே. கடைசியாக வந்த படத்தில் நீயும் அவரும் ஒரே மாதிரிச் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, அந்தப் பாறை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கும் ஒரு தலை இருக்கிறது. அதற்கு இதுவரை ஒருவரும் தொப்பி வாங்கித் தரவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு உன் மாமனார் மேல் பொறாமை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இஞ்சருங்கோ, வழமையா மாமிமாருக்கல்லோ இந்த வருத்தம் வாறது?" என்றார். வரட்டும். மாமிமாருக்கு மட்டும்தான் என்று எழுதி வைத்திருக்கிறதா? நீ பெண் வீட்டுப் பக்கம் போய்விட்டாய் என்பதில் எனக்குக் குறையில்லை. யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் சீதன வீட்டுக்குத்தான் போவான், நானும் அப்படித்தான் போனேன். நான் போன அன்று என் அப்பா சைக்கிளின் காண்டிலைப் பிடித்தபடி ஒழுங்கையில் நின்றார். அவருக்குள்ளே என்ன எரிந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. அதனால் நீ போனதைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பே, வீட்டில் எங்களோடு இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நீ அங்கே போய்விட்டாய். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எல்லாம் அந்த மரத்தால் வந்தது. பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு ஒரேயொரு மரத்தைப் பற்றி மட்டும் ஆராயப் போவதாக நீ வந்து சொன்னபோது, ஒரு மரத்தில் அப்படி என்ன படிக்கக் கிடக்கிறது என்று நான் கேட்டேன். வெர்ஜினியா ஜூனிப்பர் என்றாய். பிரெஞ்சில் ஜெனெவ்ரியே என்றாய். தமிழில் என்ன என்று கேட்டதற்கு, "எங்கட பக்கம் இல்லாத மரத்துக்கு என்னெண்டு அப்பா பேர் இருக்கும்?" என்று கேட்டாய். பிறகு மேசையில் கிடந்த ரொட்டித் துகள்களை விரலால் தள்ளித் தள்ளி ஒரு வரைபடம் செய்து காட்டினாய். தெற்கே, வெக்கையான இடங்களில், அது வேலியோரங்களிலும் கைவிட்ட வயல்களிலும் கேட்பாரில்லாமல் முளைக்குமாம். வடக்கே வர வரக் குறையுமாம். கடைசியில் ஒட்டாவா ஆற்றங்கரையில், தெற்கு வெயில் நேராகப் படுகிற சுண்ணாம்புப் பாறைகளில் மட்டும், மண்ணே இல்லாத வெடிப்புகளில் வேரைக் கொடுத்துக்கொண்டு நிற்குமாம். பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போடுகிற தூரம்தான் அதன் நாடு. அந்த எல்லை எங்கே முடிகிறது, ஏன் அங்கே முடிகிறது, இனி வடக்கே நகருமா என்பதுதான் உன் படிப்பு. துகள்களின் கடைசி ஒன்றை நீ விரலால் அழுத்திக் காட்டியபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பெறுபேறு வந்த அன்றுகூட அந்த வெளிச்சம் இருக்கவில்லை.

அதே சாப்பாட்டு மேசையில் நடந்த இன்னொன்றை நீ மறந்திருப்பாய். "ஆண் மரம் வேற, பெண் மரம் வேற அப்பா. பெண் மரத்திலதான் அந்த நீலப் பழம் வரும்" என்றாய். நான் யோசிக்காமல், "பனை மாதிரி" என்றேன். நீ கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "பனையும் அப்பிடியோ?" என்றாய். "ஓம். ஆண் பனை காய்க்காது, பாளை மட்டும்தான் விடும்" என்றேன். ஆண் பனைக்கும் பெண் பனைக்கும் சின்னதிலேயே வித்தியாசம் தெரியுமா, பாளை எந்த மாதம் வரும், மகரந்தம் காற்றிலா பூச்சியிலா போகிறது என்று நீ கேட்டுக்கொண்டே போனாய். எனக்குப் பாதிக் கேள்விக்கு மேல் விடை தெரியாது. ஆனாலும் சோறு ஆறிப்போகும் வரை நீ எழும்பவில்லை. நீ வளர்ந்த பிறகு, எனக்குத் தெரிந்த ஒன்றுக்காக என்னைத் திரும்பிப் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதை நான் கவனமாக வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால், உன் கல்யாணப் பொன்னுருக்கலுக்கு வந்த ரெஜான் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு முதன்முதலாகக் கேட்ட கேள்வி, "உங்கள் நாட்டில் ஒரு மரம் இருக்கிறதே, ஆணும் பெண்ணும் தனித்தனியாக, அதைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?" என்பது. என் பனையை எனக்கே விளங்கப்படுத்தினார். ஆண் பனை காய்க்காது என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நீ என்னைக் கூப்பிடாமல் இல்லை. முதல் வருடம் ஒரு ஞாயிறு காலை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "அப்பா, வாங்கோவன், நான் வேலை செய்யிற இடத்தைப் பாப்பம்" என்றாய். முதல் நாள் ஆஸ்பத்திரியில் இரண்டு வேலைமுறை சேர்த்துச் செய்துவிட்டு வந்து படுத்திருந்தேன். "மரம் பாக்க ஆரும் இவ்வளவு தூரம் ஓடுவினமோ? இஞ்ச தெருவில இல்லாத மரமோ?" என்றேன். நீ சிரித்துவிட்டுப் போனாய். திரும்பக் கூப்பிடவில்லை. நானும் வாறன் என்று பிறகு சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நீ இன்னொரு முறை கேட்பாய் என்று காத்திருந்தேன். உனக்கு ஒரு புத்தி சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது எறும்பையோ பேருந்தையோ எதை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாலும், பக்கத்தில் போய் நில். இரண்டாவது முறை கூப்பிடட்டும் என்று இருந்துவிடாதே. அந்த இடைவெளியில் வேறு யாராவது காப்பிப் போத்தலோடு வந்து நின்றுவிடுவார்கள்.

எங்கள் விஷயத்தில் வந்து நின்றவர் ரெஜான். அந்தப் பக்கத்திலேயே வயது கூடிய ஜூனிப்பர் அவருடைய காணிப் பாறையில் நிற்கிறது என்று உனக்கு யாரோ சொல்ல, நீ கேட்காமல் ஏறியிருக்கிறாய். அவர் நாயையும் கூட்டிக்கொண்டு உன்னைத் துரத்த வந்தவர். அப்படியே துரத்தியிருந்தால் என்ன நல்ல மனிதராக இருந்திருப்பார். ஆனால் மரத்தில் கைவைக்காமல் நீ தள்ளி நின்று அளந்த விதம் அவருக்குப் பிடித்துவிட்டதாம். முதலில் காப்பி. பேந்து பட்டாணிச் சூப். அதற்குப் பேந்துதான் எலோடி. மனைவி போன பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாக வளர்த்த மனிதர் என்று நீ சொன்னபோது எனக்கும் அவர் மேல் மரியாதை வரப் பார்த்தது. அதற்குள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் "ரெஜான் சொன்னார்" தொடங்கிவிட்டது. இந்த முறை பனி முந்தி வரும் என்று ரெஜான் சொன்னார். கத்தியை இப்படித் தீட்டக் கூடாது என்று ரெஜான் சொன்னார். அம்மாவின் மீன்குழம்பில் புளி கொஞ்சம் கூட என்றுகூட ரெஜான் சொல்லியிருப்பார், நல்லவேளை அவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. நீ தொலைபேசியில் அவரோடு கதைக்கும்போது அடுத்த அறையில் இருந்து கேட்பேன். உன் பிரெஞ்சு அவருடைய பிரெஞ்சாகவே மாறிப்போயிருந்தது. ஏதோ சொல்வாய், அங்கே அவர் சிரிப்பார், இங்கே நீ சிரிப்பாய். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

என்னுடையது ஆஸ்பத்திரிப் பிரெஞ்சு. கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் இத்தனை காலமும் கட்டில் தள்ளிக்கொண்டு நான் படித்ததெல்லாம், இந்தப் பக்கம் திரும்புங்கள், கையை என் தோளில் போடுங்கள், குளிருகிறதா, இன்னும் கொஞ்சத் தூரம்தான், இவ்வளவும்தான். சத்திரசிகிச்சை அறையின் கதவடிக்குப் போனதும் எல்லோரும் ஒரே மாதிரி என்னைப் பார்ப்பார்கள். பெரிய வழக்கறிஞரும் பார்ப்பார், சமையல்காரியும் பார்ப்பாள். டொக்டரிடம் கேட்க முடியாததைக் கட்டில் தள்ளுகிறவனிடம் கேட்பார்கள். "ஸா வா பியன் அலே, மெஸ்ஸியூ" என்பேன். எல்லாம் சரிவரும் ஐயா என்று அர்த்தம். சரிவருமா வராதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த ஒரு வசனத்தை மட்டும் இந்த நகரத்தில் பிறந்தவன் மாதிரி என்னால் சொல்ல முடியும். அதை வைத்துக்கொண்டு ரெஜானோடு போட்டி போடவா முடியும்?

ஆனாலும் போட்டி போட்டேன். ஒரு வசந்த காலத்தில் ஜான்-டலோன் சந்தைக்கு மீனும் கீரையும் வாங்கப் போன இடத்தில், பூங்கன்று விற்கிற பெண்ணிடம் "ஜெனெவ்ரியே இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் குத்துவாங்கினார்கள். அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டு வாசல் படிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, எரு போட்டு நட்டேன். நீ வேலை முடிந்து வந்து பார்ப்பாய், ஏதாவது சொல்வாய் என்று ஜன்னலடியில் நின்றேன். நீ குனிந்து இலை நுனியை விரலால் உருட்டிப் பார்த்தாய். "அப்பா, இது வேற இனம். சீனத்து ஜூனிப்பர். வடிவுக்கு நடுறது" என்றாய். "அப்ப சரியானதை வாங்கி நடுவமே?" என்று கேட்டேன். "நட்டா என்ன, நட்டது கணக்கில வராது. தானா முளைச்சு நிண்டாத்தான் அதின்ர இயற்கை எல்லைக்குள்ள சேர்ப்பம்" என்றாய். நீ மரத்தைப் பற்றித்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், நான் அவ்வளவு மடையன் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு ஏதோ செய்தது. ரெஜானின் பாட்டனுக்குப் பாட்டன் அந்தப் பாறையடியில் பிறந்தவன். என்னை விமானத்தில் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். உன் கணக்கில் நான் எங்கே வருவேன் என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

இனி பொன்னுருக்கல் அன்று நடந்ததைச் சொல்கிறேன். தாலிக்குப் பொன் உருக்குகிற அன்றே கன்னிக்கால் ஊன்ற வேண்டும் என்பதும், அதற்கு ஒரு பச்சைக் கொப்பு வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். ஊரில் என்றால் முள்முருக்கு. இங்கே முள்முருக்குக்கு எங்கே போக? மேப்பிள் வைத்தவர்கள் இருக்கிறார்கள், ஆப்பிள் வைத்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு வீட்டில் பிளாஸ்டிக் வைத்ததையும் கண்டேன். மாமன் ஊன்ற வேண்டியதை, உன் மாமா வரமுடியாமல் போனதால் நான் ஊன்றுவதாக ஏற்பாடு. கொப்புத் தேடுவதும் என் பொறுப்பு. அன்று விடியற்காலை எழும்பி, தலைமுழுகி, வாசலுக்குப் போய், நான் நட்ட அந்தச் சீனத்து ஜூனிப்பரில் முழங்கை நீளத்துக்கு ஒரு கொப்பு வெட்டினேன். அது உன் மரம் இல்லை என்று தெரியும். ஆனால் உன் மரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் முறை. முகூர்த்த நேரத்தில் ஐயர் கேட்கும்போது அதை எடுத்து நீட்டுவேன், நீ ஒரு கணம் யோசிப்பாய், பிறகு விளங்கும், விளங்கியதும் என்னைப் பார்ப்பாய். இவ்வளவுதான் என் திட்டம். ஈரக் கடதாசியில் சுற்றி, கராஜில் வாளிக்குப் பின்னால் வைத்தேன்.

ஐயர் வந்து இருந்தார். சம்பந்திக்கு வழி விளங்குமா என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தார். ரெஜான் வந்தார், கழுத்துப்பட்டி கட்டி, ஈரத் துவாயில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் குழந்தைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு. கொப்பு வேண்டும் என்று நீ எப்போதோ பேச்சுவாக்கில் அவருக்குச் சொல்லியிருக்கிறாய். தன்னுடைய பெரிய மரத்தில் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். உன்னைத் தவிர ஒருவரையும் கிட்டப் போக விடாத மரம். நத்தார் சோடனைக்குக்கூட ஒரு நெட்டு ஒடிக்க விடாத மரம். நீ துவாயை விரித்துப் பார்த்தாய், நீலப் பழங்கள் அப்படியே இருந்தன. வாசலில் நின்றபடி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாய். என் வீட்டு வாசலில். நான் நட்ட மரத்துக்குப் பக்கத்தில். ஐயர் வாங்கிப் பார்த்துவிட்டு, "முள்ளும் இருக்கு, பச்சையும் இருக்கு, காணும்" என்றார். பிறகு சம்பிரதாயத்துக்கு என் பக்கம் திரும்பி, "நீங்கள் வேற ஏதும் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா" என்றேன். அவருடைய கொப்பை என் கையாலேயே சாடிக்குள் ஊன்றினேன். பட்டுத்துணி சுற்றி, நவதானிய முடிச்சைக் கட்டினேன். சுமங்கலிப் பெண்கள் பால் ஊற்றினார்கள். படத்தில் நான் நல்லாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், நீயே பார்த்திருப்பாய்.

தட்டம் எடுக்கக் கராஜுக்குப் போன அம்மா கடதாசிப் பொட்டலத்தைக் கண்டுவிட்டார். எல்லோரும் போன பிறகு தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "எறிஞ்சு போடாதேங்கோ. கன்னிக்காலுக்கெண்டு வெட்டினது. எங்கையாவது ஊண்டி விடுங்கோ" என்றார். பழைய பெயின்ற் வாளியொன்றில் மண் நிரப்பி, கராஜின் பின்பக்கம் ஊன்றினேன். முற்றத்தில் ரெஜானின் கொப்புக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மிச்சத் தண்ணீரைப் பின்பக்கத்து வாளிக்குள் ஊற்றினேன். கன்னிக்கால் வேர்விட்டால் குடும்பம் தழைக்கும் என்று அன்று ரெஜானுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நீங்கள் இருவரும் அங்கே குடிபோன பிறகு அந்தக் கொப்பு வேர்விடுமா என்று நான் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? "அப்பா, அந்தக் காட்டு இனம் வெட்டி ஊண்டினால் வேர்விடுறது கஷ்டம். அதுவும் கிழட்டு மரம். பச்சை இருக்கிறதைப் பாத்து ஏமாறாதேங்கோ, மாதக்கணக்கில அப்பிடியே நிக்கும்" என்றாய். எனக்கு அதைக் கேட்க எவ்வளவு இனித்தது என்று உனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை, மண் இறுகுவதற்கு முன்னால் சாடிகளை உள்ளே எடுப்போம் என்று போனேன். ரெஜானின் கொப்பைச் சும்மா தொட்டுப் பார்த்தேன், மேலே வந்துவிட்டது. அடி கறுத்து, ஒரு நூல் வேர்கூட இல்லை. பின்பக்கம் போய் என் வாளிக் கொப்பைப் பிடித்து இழுத்தேன். அது வரமாட்டேன் என்றது. மண்ணைக் கையால் கிண்டிப் பார்த்தேன். வெள்ளை வேர், மகன். வாளியின் சுவர் வரைக்கும் போய் முட்டித் திரும்பிய வேர். நான் அந்தக் குளிரில் நின்று சத்தமாகச் சிரித்தேன். "இஞ்சரும், ஓடி வாரும்" என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து பார்த்தார். "இப்ப உங்களுக்குச் சந்தோசமோ?" என்றார். "ஓம்" என்றேன். "காணுமோ?" என்றார். எனக்குப் போதவில்லை. இரண்டு கொப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேர் தெரிகிற மாதிரி அம்மாவின் தொலைபேசியில் படம் எடுத்தேன். அதை உனக்கு அனுப்ப நினைக்கவில்லை. நேரே ரெஜானுக்கே அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அம்மா தொலைபேசியைப் பறித்து, "சோறு ஆறுது, சாப்பிட்டிட்டு அனுப்புங்கோ" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரெஜானே தொலைபேசி எடுத்தார். என் பெயரின் முதல் பாதியை மட்டும் சொல்லிக் கூப்பிடுவாரே, அப்படிக் கூப்பிட்டார். எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகக் கதைத்தார். அந்த மரத்தில் தன் தகப்பன் ஒருநாளும் கத்தி வைத்ததில்லை, தானும் வைத்ததில்லை, வெட்டிய இடத்தில் இன்னும் பிசின் வடிந்துகொண்டிருக்கிறது, காலையில் எழும்பினால் முதலில் போய் அதைத்தான் பார்க்கிறேன் என்றார். உங்கள் கண்ணில் படாமல் போய்ப் பார்க்கிறாராம். பிள்ளைகளுக்கு நன்மை வரும் என்று நினைத்து வெட்டினேன், வீணாக வெட்டிவிட்டேனோ தெரியாது என்றார். பிறகு, "அது பிடித்துக்கொண்டதா?" என்று கேட்டார். என் கையில் சோறு. தொலைபேசிக்குள்ளே வேர் இல்லாத கொப்பின் படம். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். சத்திரசிகிச்சைக் கதவடியில் கட்டிலில் கிடந்து என்னைக் கேட்கிற குரல். நான் யோசிக்கவில்லை, மகன், என் வாய் தன்பாட்டில் வேலை செய்தது. "வூய், மெஸ்ஸியூ. வேர் விட்டிருக்கு. ஸா வா பியன் அலே" என்றேன். அந்தப் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. வருகிற சனிக்கிழமை நீங்கள் வரும்போது தானும் வந்து பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

படத்தை அழித்துவிட்டேன். அவருடைய கொப்பைத் துணியில் சுற்றி வாசல் மரத்தடியில் குழி வெட்டித் தாட்டேன். என்னுடையதை வாளியில் இருந்து வேர் அறாமல் எடுத்து, கன்னிக்கால் சாடிக்குள் வைத்து, அதே பட்டுத்துணியைச் சுற்றிவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று மண்ணை அமத்தினார். ரெஜானுக்கு மரம் தெரியும், ஆனால் கண்ணாடி போட மறுக்கிற மனிதர். பழம் எங்கே என்று கேட்டால் உதிர்ந்துவிட்டது என்று அம்மா சொல்வார், ஒத்திகையும் பார்த்துவிட்டார். ஆபத்து உன்னால்தான். நீ குனிந்து இலை நுனியை விரலால் உருட்டினால் அந்தக் கணமே உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் நீ சொல்லாமல் இருக்க மாட்டாய், தாவரப் பெயரைப் பிழையாக யாரும் சொன்னால் சாவு வீட்டில்கூடத் திருத்துகிறவன் நீ. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அம்மா இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புவார். சனிக்கிழமை நீ ஒன்றும் திருத்தாதே.

நான் நல்லவனாக மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு இன்னமும் எரிகிறது. உன் காலை நேரங்கள் அவருக்கு, உன் சிரிப்பு அவருக்கு, என் பனையும் அவருக்கு, இப்போது என் கொப்பும் அவருடைய பெயரில் நிற்கிறது. பனி கரைந்ததும் ஒரு நாள் நான் அங்கே வருவேன். பஸ் நிறுத்தத்துக்கு நீ தனியாக வா. அவரை வீட்டில் சூப் காய்ச்சச் சொல். அந்தப் பாறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், அவர் வெட்டிய இடத்தையும், பறவைகள் கொண்டுவந்து போட்ட கடைசி மரம் எங்கே நிற்கிறது என்பதையும் நீயே எனக்குக் காட்டு. எனக்கு மூச்சு வாங்கினால் நின்று நின்று வருவேன்.

சனிக்கிழமை அவர் அந்தச் சாடிக்கு முன்னால் குனிவார். தொட்டுப் பார்ப்பார், ஒருவேளை அழுவார். நீ பக்கத்தில் நில், அவருடைய தோளில் கையும் போடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். அவர் குனிந்திருக்கிற அந்த நேரத்தில், அவருக்குத் தெரியாமல், ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்.

அப்பா